பலர் கூடி எழுதும் ஏடு

'தனி மரம் தோப்பாகாது' என்பது நம் முன்னோர் கண்ட முதுமொழி. உழவும் தொழிலும் வாணிகமும் பலர் கூடியே நடைபெறுதலை நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும் எழுத்து வேலை மட்டும் ஒருவர் தனித்திருந்து செய்தற்குரியது என நம்மிற் பலர் எண்ணி வருகின்றோம். அவ்வெண்ணம் எவ்வளவிற்குப் பொருந்தும், பலர் கூடி ஓர் ஏட்டை எழுதுதற்கு இக்காலத்தில் வாய்த்துள்ள கருவி யாது, ஓசூர் கிருஷ்ணகிரிப் பகுதியில் வாழும் நாம் அதனை எங்ஙனம் கைக்கொள்ளலாம் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். அக்கருவிக்கு 'விக்கி' என்று பெயர்.

இரண்டு தாள்கள்

சில ஆண்டுகட்கு முன் ஓசூர்த் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு சிறு லேத் பட்டறையில் நிகழ்ந்ததொன்றை நாம் அருகிருந்து அறிவோம். அப்பட்டறை பெரிய தொழிற்சாலையொன்றிற்கு இரும்புத் தண்டுகள் கடைந்து கொடுத்து வந்தது. ஒரு நாள் தொழிற்சாலையார் தண்டின் அளவைச் சிறிது மாற்றிப் புதிய வரைபடம் அனுப்பினர். புதிய வரைபடம் அலுவலறைக் கணினியிற் சேர்ந்தது. பழைய வரைபடமோ இயந்திரத்தின் அருகே சுவரில் ஒட்டியபடியே இருந்தது. பகல் ஷிப்ட் மேற்பார்வையாளர் அப்பழைய தாளின் ஓரத்தில், 'அளவு மாறியுள்ளது, அலுவலறையிற் கேட்கவும்' என்று தமிழில் எழுதி வைத்துச் சென்றார். இரவு ஷிப்டில் நின்றவர் எல்லைக்கு அப்பாலிருந்து வருபவர். கன்னடம் நன்கு கற்றவர். தமிழ் பேசுவார், படிக்க அறியார். விடிவதற்குள் முந்நூறு தண்டுகள் பழைய அளவிற் கடையப்பட்டன. முந்நூறும் ரிஜெக்ட் ஆயின. பழி இரவுத் தொழிலாளர் மீது விழுந்தது. அம்மாதக் கூலியிலும் பிடித்தம் நேர்ந்தது.

இதிலே சோம்பியவர் ஒருவரும் இல்லை, வஞ்சித்தவரும் இல்லை. தாள்கள் இரண்டு இருந்தன. அவற்றுள் எது புதியது, யார் மாற்றினார், எப்பொழுது மாற்றினார், ஏன் மாற்றினார் என்று உரைப்பது ஒன்றும் இல்லை. குறை இவ்வளவே.

இக்குறை பட்டறைக்கு மட்டும் உரியதன்று. நம் மாணவர் ஐவர் சேர்ந்து ஒரு செயல்திட்ட அறிக்கை எழுதும்போது நிகழ்வது என்ன? ஒருவர் எழுதியதை மற்றொருவருக்கு அனுப்புகின்றார். அவர் திருத்திய படி வந்து சேருமுன் மூன்றாமவர் பழைய படியைத் திருத்தத் தொடங்குகின்றார். சில நாட்களில் 'இறுதி' என்றொரு படியும், 'இறுதி இரண்டு' என்றொரு படியும், 'உண்மையான இறுதி' என்றொரு படியும் தோன்றிவிடுகின்றன. ஒப்படைக்கும் நாளன்று எதனை அச்சிடுவது என்று ஐவருக்கும் தெரிவதில்லை. ஏடு பலவாகவும் உண்மை ஒன்றாகவும் இருக்கும்போது விளையும் துன்பம் இது.

முன்னோர் முயற்சிகள்

தமிழில் பொருட்களஞ்சியங்கள் எழுந்த வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டுகள் தனியொருவராய் உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவர் ஆற்றல் எத்துணைப் பெரிதாகலாம் என்பதற்கு அந்நூலே சான்று. பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேரகராதி தொகுக்கும் பணியை 1913-ஆம் ஆண்டில் தொடங்கியது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் அதன் முதற் பதிப்பாசிரியர். 1926 முதல் ச. வையாபுரிப் பிள்ளை அப்பொறுப்பை ஏற்றார். புலவர் குழுவின் உழைப்பால் ஆறு தொகுதிகள் 1936-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தின. பிற்சேர்க்கை 1939-இல் வந்தது. இனி, பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக விளங்கிய தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

முதலாவது தனியொருவர் பணி. ஏனைய இரண்டும் குழுவின் பணி. மூன்றும் நம் மொழிக்குக் கிடைத்த செல்வங்களே. எனினும் அச்சேறிய நூலுக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. அச்சான மறுநாள் உலகம் மாறினாலும் நூல் மாறாது.

இதற்கு வெளியே சென்று எடுத்துக்காட்டுத் தேட வேண்டுவதில்லை. ஓசூர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது? 1965-ஆம் ஆண்டு அக்டோபருக்கு முன் அச்சான நூல் 'சேலம்' என்னும். அதற்குப் பின் வந்த நூல் 'தருமபுரி' என்னும். 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்குப் பின் வந்தது 'கிருஷ்ணகிரி' என்னும். ஓசூர் நகராட்சி 2019-ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. மூன்று நூல்களும் எழுதிய நாளில் மெய்யே கூறின. இன்று ஒருங்கே வைத்துப் படிப்பவனோ மயங்குவான். மாறுகின்ற உலகத்தை எழுத மாறக்கூடிய ஏடு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

விக்கியின் தோற்றம்

வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்கக் கணினியறிஞர் 1995-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதல் விக்கியை இணையத்தில் அமைத்தார். நிரல் எழுதுவோர் தம் அனுபவங்களை ஒருவர்க்கொருவர் எழுதிப் பகிர்ந்துகொள்ளவே அவர் அதனை ஆக்கினார். ஹவாய்த் தீவின் மொழியில் 'விக்கி' என்பதற்கு விரைவு என்பது பொருள். ஹொனலூலு வானூர்தி நிலையத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும் சிற்றுந்துக்கு வழங்கிய பெயரை நினைந்து அவர் இப்பெயரிட்டார். படிக்க வந்தவரே அப்பக்கத்தைத் திருத்தலாம். திருத்தியது உடனே அனைவர்க்கும் தோன்றும். விரைவு என்ற பெயர் இதனாற் பொருந்துவதாயிற்று.

இம்முறையைக் கொண்டு ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2001-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினர். தமிழ் விக்கிப்பீடியா 2003-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது. யாழ்ப்பாணத்திற் பிறந்து அரபு நாட்டில் கட்டடக்கலைஞராகப் பணிபுரிந்த இ. மயூரநாதன் அதனை நிறுவி வளர்த்தவருள் முதன்மையானவர். அலுவல் முடிந்த ஓய்வு நேரத்தில் அவர் எழுதிய கட்டுரைகள் ஆயிரக்கணக்கானவை. இத்தொண்டிற்காகக் கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டிற்குரிய இயல் விருதை அவருக்கு வழங்கியது. ஈழத்தவரும் தமிழகத்தவரும் மலேசியா, சிங்கை முதலிய நாடுகளில் வாழ்வோரும் ஊதியம் பெறாது எழுதியதன் பயனாக அக்களஞ்சியம் 2017-ஆம் ஆண்டில் ஓரிலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. எழுதியோருட் பெரும்பாலார் ஒருவரையொருவர் நேரிற் கண்டவரல்லர்.

ஏடு இயங்கும் முறை

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் குழப்பமன்றோ விளையும் என்று கேட்பாருளர். குழப்பம் விளையாமைக்கு உரிய அமைப்புகள் அவ்வேட்டினுள்ளேயே இருக்கின்றன.

முதலாவது, வரலாறு. ஒவ்வொரு பக்கத்திற்கும் பின்னே அதன் பழைய வடிவங்கள் யாவும் வரிசையாகக் காக்கப்படுகின்றன. யார், எந்நாள், எம்மணியில், எச்சொல்லை மாற்றினார் என்பதனை எவரும் காணலாம். இரு வடிவங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால் மாறிய சொற்கள் நிறம் வேறுபட்டுத் தோன்றும். பிழையான திருத்தமெனில் பழைய வடிவத்தை ஒரு நொடியில் மீட்கலாம். கெடுப்பதினும் சீர்செய்வது எளிதாக இருப்பதே விக்கியின் உயிர்நிலை.

இரண்டாவது, தொகுப்புச் சுருக்கம். திருத்துவோர் தாம் செய்தது இன்னதென ஒரு வரியில் எழுதிச் சேமிக்க வேண்டும். 'எழுத்துப் பிழை நீக்கம்', 'மாவட்டப் பெயர் புதுப்பிப்பு' என்றாற்போல் ஒரு வரி போதும். முன்னர்க் கூறிய பட்டறையில் இல்லாதிருந்தது இவ்வொரு வரியே.

மூன்றாவது, உரையாடற் பக்கம். கட்டுரையின் பின்னே அதனைப் பற்றி வாதிடுதற்கென்றே தனிப் பக்கம் உண்டு. ஊர்ப்பெயரை 'ஓசூர்' என நெடிலாக எழுதுவதா, 'ஒசூர்' எனக் குறிலாக எழுதுவதா? புதிய ஊர் என்னும் பொருள்பட்ட கன்னடச் சொல்லினின்று வந்த பெயரென்பர். தமிழில் இரு வகையாகவும் வழங்குகின்றது. இத்தகைய வினாக்களைக் கட்டுரைக்குள் எழுதி அழித்துப் போரிடாமல் உரையாடற் பக்கத்தில் காரணங்காட்டிப் பேசித் தீர்க்க வேண்டும். முழுக் களஞ்சியத்திற்கும் பொதுவான செய்திகளைப் பேசும் இடத்திற்குத் தமிழ் விக்கிப்பீடியர் 'ஆலமரத்தடி' என்று பெயரிட்டிருத்தல் மிகப் பொருத்தம்.

நான்காவது, வழிமாற்று. கிருஷ்ணகிரித் தோட்டங்களில் பழக்கூழுக்காகப் பெரிதும் விளையும் மாங்கனியைத் தோத்தாபுரி என்பார் சிலர்; பெங்களூரா என்பார் சிலர்; கிளிமூக்கு என்பாரும் உளர். எப்பெயரைத் தேடினும் ஒரே பக்கத்தில் கொண்டு சேர்க்க விக்கியில் வழியுண்டு. ஒரு பொருளுக்கு மூன்று பக்கங்கள் தோன்றி மூன்றும் அரைகுறையாய் நிற்கும் இடர் இதனால் நீங்கும்.

ஐந்தாவது, கவனிப்புப் பட்டியல். தாம் பொறுப்பாகக் கருதும் பக்கங்களை ஒருவர் குறித்து வைத்துக்கொண்டால், அவற்றில் நேரும் மாற்றம் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிய வரும்.

ஒரே பகுதியை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் என் செய்வது? பின்னர்ச் சேமிப்பவருக்கு ஏடு எச்சரிக்கை காட்டி, முன்னவர் எழுதியதையும் அவர்தம் எழுத்தையும் ஒருங்கே முன்வைக்கும். முன்னவர் உழைப்பை அழியாது இணைத்துச் சேமித்தல் பின்னவர் கடமை. இதனாலே சிறு சிறு திருத்தங்களாகச் செய்து அவ்வப்போது சேமித்தல் நன்று.

சான்றும் காலமும்

நம் மாவட்டத்துப் பர்கூர்ப் பகுதியிலுள்ள மயிலாடும்பாறை, கூட்டெழுத்தின் அருமையை நமக்கு நன்கு கற்பிப்பது. அங்கே அகழ்ந்தெடுத்த பொருள்களை ஆய்ந்ததில், கி.மு. 2172 அளவிலேயே அங்கு இரும்பு வழங்கியதெனத் தமிழக முதலமைச்சர் 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் சட்டமன்றத்தில் அறிவித்தார். அப்பொழுது ஒரு மாணவர் 'இந்தியாவிலேயே மிகப் பழைய இரும்பு நம் மாவட்டத்தில்தான்' என்று ஏட்டில் எழுதியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் மற்றொரு அறிவிப்பு வந்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த சான்றுகள் கி.மு. 3345 வரை செல்லுகின்றன என்பது அது.

இப்பொழுது அவ்வரியை என் செய்வது? ஊர்ப்பற்று மிக்கார் அதனை அவ்வாறே நிறுத்த விரும்பலாம். ஏட்டின் முறையோ அதற்கு இடங்கொடாது. 'மிகப் பழைய' என்னும் சொல்லை நீக்கி, '2022-இல் வெளியான அறிவிப்பின்படி' என ஆண்டோடும் சான்றோடும் எழுதினால் அவ்வரி என்றும் மெய்யாகவே நிற்கும். இன்ன ஆண்டில் இன்னார் கூறினார் என எழுதுவது ஏட்டைக் காலத்தின் அழிவினின்று காக்கும். மயிலாடும்பாறையின் பெருமை இதனாற் குறைவுபடவில்லை; நம் எழுத்தின் நேர்மை உயர்ந்தது.

விக்கிப்பீடியாவுக்கு மற்றொரு விதியும் உண்டு. தாமே புதிதாகக் கண்டறிந்ததை அங்கு முதன்முதல் வெளியிடலாகாது. நம் பகுதியில் நடுகற்கள் மிகுதி. வயல் வரப்பில் ஒரு நடுகல்லைக் கண்ட மாணவர் அதன் காலத்தைத் தாமே கணித்துக் களஞ்சியத்தில் எழுதுதல் முறையன்று. அறிஞர் ஆய்ந்து வெளியிட்ட பின்னரே சான்று காட்டி எழுதலாம். எனினும் தாமெடுத்த ஒளிப்படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் இடமும் நாளும் குறித்துச் சேர்க்கலாம். நாளை ஆய்வாளர் ஒருவருக்கு அப்படமே துணையாகக் கூடும்.

ஏமாற்றமும் காவலும்

இம்முறையிற் குறையே இல்லை என்று கூறுதல் பொய்யாகும். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலர் கொலைச் சதியொன்றில் ஐயுறப்பட்டவர் என்னும் அவதூறு 2005-ஆம் ஆண்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் கண்டறியப்படாமல் நின்றது. மாசற்ற ஒருவரின் நற்பெயரோடு விளையாடிய அந்நிகழ்ச்சிக்குப் பின், பதிவு செய்யாதார் அங்குப் புதிய கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ் 42 அறிவியற் கட்டுரைகளை வல்லுநரைக் கொண்டு ஒப்பிட்டது. விக்கிப்பீடியாவில் கட்டுரைக்கு ஏறக்குறைய நான்கு பிழைகளும் பிரிட்டானிக்காவில் மூன்று பிழைகளும் காணப்பட்டன என்றது. பிரிட்டானிக்கா அம்முடிவை மறுத்தது. இவ்விரு செய்திகளும் சேர்ந்து உணர்த்துவது யாது? பலர் பார்வை படும் பக்கம் நன்கு திருந்தும். எவரும் பாராத பக்கத்தில் பொய் ஒளிந்திருக்கும். ஆகவே எழுதுவோர் மட்டுமன்றிக் காப்போரும் வேண்டும்.

இருவர் கண்பட்டே ஓரெழுத்து உறுதிபெற வேண்டும் என்னும் முறையைத் தமிழ் விக்கிமூலத்தில் தெளிவாகக் காணலாம். அங்கே பழைய நூல்களின் படிமத்தை ஒரு பக்கமும் தட்டெழுத்தை மறுபக்கமும் வைத்து மெய்ப்புப் பார்க்கின்றனர். மெய்ப்புப் பாராத பக்கம் செந்நிறம். ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். மற்றொருவர் மீண்டும் சரிபார்த்த பின்னரே பச்சை. தாம் மஞ்சளாக்கிய பக்கத்தைத் தாமே பச்சையாக்க இயலாது. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்னும் உண்மையை அறிந்து அமைத்த ஒழுங்கு இது.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

விக்கி என்பது விக்கிப்பீடியா ஒன்றே அன்று. மீடியாவிக்கி என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. ஒரு கல்லூரியோ, சங்கமோ, பட்டறையோ அதனைத் தன் கணினியில் நிறுவித் தன்னவர் மட்டும் எழுதும் ஏடாக வைத்துக்கொள்ளலாம். நம் எல்லைப்புறத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. தொழிற்சாலைகளில் இந்தியும் சேர்கின்றது. பாடநூல் 'கடைசல் இயந்திரம்' என்பதைத் தொழிலாளர் 'லேத்' என்பர். ஒவ்வொரு கருவிக்கும் வழங்கும் பெயர்களையும், அதனைக் கையாளும்போது கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளையும் பல மொழியிலும் எழுதிச் சேர்க்கும் ஏடொன்று இருப்பின் அது எத்துணைப் பேருக்குப் பயன்படும்! கன்னடம் அறிந்த மாணவர் ஒருவரும், தெலுங்கு அறிந்தார் ஒருவரும், பட்டறையிற் பயிற்சி பெற்றார் ஒருவரும் சேர்ந்தாலன்றி அவ்வேட்டை எழுத முடியாது.

ஆயின் எல்லா ஏட்டையும் எல்லார்க்கும் திறந்து வைத்தல் தகாது. கையொப்பமிட்டு ஒருவர் பொறுப்பேற்க வேண்டிய ஆவணம் திறந்த ஏடாக இருத்தல் கூடாது. இயந்திரத்தின் அளவும் மருந்தின் அளவும் அத்தகையன. அவற்றைப் பலர் கூடி ஆராய்ந்து எழுதலாம். ஆனால் பொறுப்புடையார் ஒப்புதலளித்த வடிவத்தைப் பூட்டி வைத்து, அதுவொன்றே வேலைக்குரியது எனக் குறித்தல் வேண்டும். கவிதையும் சிறுகதையும் போல ஒருவர் உள்ளத்திலிருந்து எழுவனவும் இதற்கு ஏற்றவையல்ல.

மாணவர் கைக்கொள்ளத்தக்கவை

இனி, குழுவாக எழுதப் புகும் மாணவர்க்குச் சில நெறிகளைக் கூறுவோம்.

1. ஏடு ஓரிடத்திலேயே இருக்கட்டும். படியெடுத்து அனுப்பும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்துக.

2. வேலையைப் பக்கமாகப் பிரித்துக்கொள்க. ஆனால் 'இது என் பக்கம், பிறர் தொடலாகாது' என்று வேலி இடாதீர். எழுதியவர் ஒருவராயின் திருத்துபவர் மற்றொருவராக இருக்கட்டும்.

3. ஒவ்வொரு செய்திக்கும் சான்று குறிக்க. சான்றில்லாததை உரையாடற் பக்கத்தில் வினாவாக வைக்க.

4. பிறர் எழுதியதை அழிக்குமுன் சீர்செய்ய முயல்க. அழித்தே ஆக வேண்டுமெனில் காரணம் எழுதுக.

5. நூலிலிருந்தும் இணையத்திலிருந்தும் வரிக்கு வரி பெயர்த்து ஒட்டற்க. அது பதிப்புரிமைக்கும் நேர்மைக்கும் மாறு.

6. பழகுதற்கென்று 'மணல்தொட்டி' என்னும் பக்கம் உண்டு. அரிசியில் விரலால் எழுதிப் பழகுவதுபோல அங்கே அஞ்சாது எழுதிப் பழகுக.

ஆசிரியர்க்கும் ஒரு சொல். குழுவில் உழைத்தவர் யார், பெயர் மட்டும் சேர்த்தவர் யார் என்பதனை வரலாற்றுப் பக்கம் காட்டிவிடும். எனினும் எழுத்தின் அளவை மட்டும் எண்ணி மதிப்பெண் இடுதல் முறையன்று. ஆயிரம் சொல் எழுதியவரினும், அதிலிருந்த பிழையான ஓர் எண்ணைக் கண்டு திருத்தியவர் சில வேளைகளில் பெருந்தொண்டு புரிந்தவராவார். முந்நூறு தண்டுகளின் கதையை நினைந்தால் இது விளங்கும்.

ஓசூர் மலைமேல் விளங்கும் சந்திரசூடேசுவரர் கோயிலின் தேர்த்திருவிழாவை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். வடம் பிடிப்போர் பலர்; அவர் பெயரை யாரும் கேட்பதில்லை. ஆயின் தேரோடு நடந்து, சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவோரும் உளர். அவர் இல்லையேல் தேர் வீடுகளின்மேல் ஏறிவிடும். பலர் கூடி எழுதும் ஏட்டிற்கும் இவ்விரு திறத்தாரும் வேண்டும். இவ்வாண்டு விடுமுறையில் நம் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, பழமைப்பட்ட ஒரு வரியையேனும் சான்றுடன் திருத்துவாராக. அவ்வொரு வரியைப் பின்னர் வரும் ஒருவர் மேலும் செம்மை செய்வார்.